மஞ்சள் வயிற்று எலி

கோபம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வரும். பள்ளியில் படித்தது மலையாளம், கல்லூரியில் இங்கிலீஷ். மட்டாஞ்சேரித் தெருவில் இந்த இரண்டோடு கொங்கணியும் குஜராத்தியும் சேர்ந்து காதில் விழும். ஆனால் ஒருவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டுமென்றால் அம்மாவின் பாஷைதான் கைகொடுக்கும். அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன். எழுத்தில் மலையாள வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை.

விஷயம் ஓர் எலியைப் பற்றியது. மண்ணைத் தோண்டி அடியில் வாழ்கிற, அதுவரை யாரும் பேர் வைக்காத ஓர் எலி. அதை முதன்முதலில் வேறு இனம் என்று கண்டுபிடித்து, அளந்து, வரைந்து, எழுதியவள் நான். இன்றைக்கு எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் அப்படி ஓர் எலி கிடையாது. 

அவசரநிலை முடிந்த மறுவருஷம் நான் எறணாகுளத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தேன். காலையில் மட்டாஞ்சேரி ஜெட்டியில் போட் பிடித்து அக்கரை போவேன், சாயங்காலம் திரும்புவேன். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக வாய்த்த புரொபசர் வாழ்நாள் முழுக்க மீன்களைப் பற்றிப் படித்தவர். மீன் செதிலை எண்ணச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவார். எலியைப் பற்றி எங்கள் வீட்டுப் பூனைக்குத் தெரிந்த அளவுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் கிடங்குகளில் எலி செய்யும் சேதத்தைப் பற்றி ஆராய ஏதோ ஒரு திட்டம் வந்தது, அதை அவர் வாங்கிக்கொண்டார், வேலையை என் தலையில் கட்டினார். மட்டாஞ்சேரிக்காரி, கிடங்குச் சந்துகளில் வளர்ந்தவள், எங்கே போனாலும் உள்ளே விடுவார்கள் என்பதுதான் என் தகுதி.

அது உண்மையும்கூட. பஜார் ரோட்டில், கடலோடு சேர்கிற காயலைப் பார்த்தபடி இருந்த ஒரு மஞ்சள் கிடங்கில் அம்மா தரம் பிரிக்கும் வேலை செய்தாள். இருபது முப்பது பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து விரலி மஞ்சளையும் குண்டு மஞ்சளையும் பிரித்துப் போடுவார்கள். காற்றெல்லாம் மஞ்சள் தூள். ஐந்து மணிக்கு வேலை விட்டதும் எல்லாரும் பின்பக்கக் குழாயடிக்குப் போய்ச் சவுக்காரம் போட்டுக் கை கால் கழுவுவார்கள். அப்போது ஓடையில் போகிற தண்ணீர் ரத்தமாய்ச் சிவந்து ஓடும். புதிதாக வருகிறவர்கள் பதறிப்போய் யாருக்கு அடிபட்டது என்று கேட்பார்கள். எங்களுக்கு அது ஐந்து மணி ஆனதற்கு அடையாளம், அவ்வளவுதான்.

அந்தக் கிடங்கின் தரையில் ஒரு நாள் கல் ஒன்று உள்ளே இறங்கியது. மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த சுமட்டுத் தொழிலாளர்களில் மூத்தவர், நாங்கள் இக்கா என்று கூப்பிடுகிறவர், கல்லை நெம்பிப் பார்த்தார். அடியில் கை நுழைகிற அகலத்தில் சுரங்கம். கையை விட்டவரின் கட்டைவிரலில் ஏதோ ஒன்று கடித்துவிட்டது. மறுநாள் நான் பொறியோடு போனபோது விரலில் துணி சுற்றிக்கொண்டு சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

“மோளே, இது சாதா துரப்பன் அல்லா,” என்றார். மோள் என்றால் மகள், துரப்பன் என்றால் அங்கே வளை தோண்டுகிற பெருச்சாளி. “துரப்பன் எத்ர தடவை என்னைக் கடிச்சிருக்கு. அது கடிச்சா கீழே ஒரு முறி, மேலே ஒரு முறி. இது உளி வெச்சுக் கொத்தின போலெ. இதைப் பாரு.”

துணியை அவிழ்த்துக் காட்டினார். நகத்துக்குப் பக்கத்தில் நேராக இரண்டு வெட்டு. பிறகு சுரங்கத்துக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். தரைக்கு அடியில் இருந்த மிருதுவான செம்மண் வெட்டுக்கல்லில் இரட்டை இரட்டையாகக் கோடுகள். நகத்தால் பறித்த கோடுகள் இல்லை, பல்லால் செதுக்கியவை. அன்றைக்கே எனக்கு மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. முதல் எலி பொறியில் விழுந்து அதன் வாயைத் திறந்து பார்த்த பிறகுதான் உறைத்தது.

எலிக்கு முன்பற்கள் கீழ்நோக்கி உள்ளே வளைந்திருக்கும். இதற்கு நேராக முன்னால் நீட்டிக்கொண்டிருந்தன. வாயை மூடினாலும் பல் வெளியேதான் இருந்தது. உதடு பல்லுக்குப் பின்னால் மூடிக்கொள்ளும், தோண்டும்போது மண் வாய்க்குள் போகாது. வால் கட்டையாக, உடம்பில் பாதிகூட இல்லை. பெண் எலியைப் புரட்டிப் பார்த்தேன். துரப்பனுக்கு முலைக்காம்பு பன்னிரண்டுக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. இதற்கு எட்டே எட்டு. வளையைத் தோண்டிப் பார்த்தால் துரப்பன் வளை போல நெல் சேர்த்து வைத்திருக்கவில்லை, காயல் கரையிலிருந்து இழுத்து வந்த கோரைக்கிழங்கு கிடந்தது. மனுஷர் தின்னும் எதையும் அது தொடவில்லை. கிடங்குக்கு அடியில் குடியிருந்தது, அவ்வளவுதான்.

பதினான்கு மாதம் நான் வேறு எதையும் செய்யவில்லை. மஞ்சள் கிடங்கில் நான்கு எலி பிடித்தேன். இரண்டு வாசல் தள்ளி ஓர் அரிசிக் கிடங்கில் இன்னும் இரண்டு. சுற்றுவட்டாரத்துத் துரப்பன்களையும் பிடித்து ஒப்பிட்டேன். மண்டையோடுகளை வேகவைத்து, சதை சுரண்டி, வெயிலில் வெளுக்க வைத்து, லென்ஸ் வழியாகப் பார்த்து மையால் வரைந்தேன். ஒரு மண்டையோட்டை மேலிருந்து, கீழிருந்து, பக்கவாட்டில் என்று மூன்று தடவை. வாசலில் வெளுக்க வைத்திருந்த மண்டையோடுகளைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி எங்களோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். ஆறு எலியிலும் பல் ஒரே மாதிரி, அண்ணத்தின் துளை ஒரே மாதிரி. துரப்பன் ஒன்றின் பல்லும் அண்ணமும் இதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இது வேறு இனம், சந்தேகமே கிடையாது. அந்த மாதங்களில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

தோலை உரித்ததும் வீட்டில்தான். எங்கள் ஊர் வெக்கையில் செத்த எலியைத் தூக்கிக்கொண்டு போட் ஏறி அக்கரை போவதற்குள் நாறிவிடும். வயிற்றின் நடுவே கீறி, தோலைக் கழற்றி, உள்பக்கம் போராக்ஸ் பொடி, அதாவது வெங்காரம் தடவி, பஞ்சடைத்துத் தைத்துக் காயவைக்க வேண்டும். வெங்காரம் தடவினால் தோல் கெடாது, பூச்சி அரிக்காது. மஞ்சள் கிடங்கு எலிகளின் முதுகு கரும்பழுப்பு, வயிறு நல்ல மஞ்சள். காய்ந்த பிறகு வயிற்றின் நடுவே கீறல் ஓடிய இடத்தில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. அரிசிக் கிடங்கு எலிகளின் வயிறு அழுக்கு வெள்ளை. கோடும் இல்லை கீடும் இல்லை.

அம்மா வேலைவிட்டு வந்தவள் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த தோல்களைக் குனிந்து பார்த்தாள்.

“ஏம்டீ, இந்த எலிகளுக்கு மட்டும் ஆரத்தி சுத்தி வச்சிருக்கே?”

“என்னம்மா சொல்றே?”

“மஞ்சத்தூள்ல வயித்தை இழுத்துக்கிட்டுத் திரிஞ்ச எலி. அதுல நீ வெங்காரத்தைத் தடவினா செவக்காம என்ன செய்யும்? ஆரத்தி கரைக்கப்ப சுண்ணாம்பு போட்டா செவக்கலியா? சவுக்காரம் போட்டா எங்க கை செவக்கலியா? பதினாறு வருசம் படிக்க வச்சேன். இது தெரியல்லியே உனக்கு!”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, ஆனால் நிம்மதியாகவும் இருந்தது. நிறத்தை எழுத்திலிருந்து தள்ளிவிடலாம். பல் இருக்கிறது, மண்டையோடு இருக்கிறது, அது போதும். மறுநாள் தோல்களையும் மண்டையோடுகளையும் படங்களையும் எடுத்துக்கொண்டு புரொபசரிடம் போனேன்.

அவர் படங்களைப் பார்க்கவே இல்லை. மூன்று மாதம் வரைந்த படங்கள் சார், இதைப் பாருங்கள் சார் என்று நீட்டுகிறேன், அவர் கண் தோல்களைவிட்டு நகரவில்லை. ஒரு மஞ்சள் வயிற்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இப்படியும் அப்படியும் திருப்பினார். மீன்காரருக்கு நிறம் என்றால் உயிர். மீனை அவர்கள் நிறத்தை வைத்து, கோட்டை வைத்து, புள்ளியை வைத்துத்தான் பிரிப்பார்கள்.

“குட்டீ, இதாணு! மஞ்ஞ வயிறு, நடுவில் சுவப்பு வரி! உலகத்தில் வேறொரு எலிக்கும் இல்லா!” என்றார். குட்டி என்றால் எங்கள் ஊரில் பெண் பிள்ளை. அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

அது மஞ்சள்தூள் சார் என்றேன். அம்மா சொன்னதைச் சொன்னேன். வெங்காரம் பட்ட இடம் சிவந்திருக்கிறது, அதனால்தான் கோடு கீறலின் மேலேயே ஓடுகிறது என்று விரலால் தொட்டுக் காட்டினேன். அரிசிக் கிடங்கு எலிகளைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது.

“இது சயன்ஸாணு, அடுக்களை அல்லா. நின்டெ அம்ம ஏது யூனிவர்சிட்டியில் படிச்சது?”

இருக்கிற இடம் மறந்து நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணாடித் தட்டில் கொஞ்சம் மஞ்சள் மயிரைக் கத்தரித்துப் போட்டுச் சவுக்காரத் தண்ணீர் விட்டேன். தட்டு சிவந்தது. அவர் எட்டிப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார், இயற்கையான நிறமிகளும் காரத்தில் மாறும் என்றார். இனிமேல் மூல மாதிரிகளில் கத்தரி வைக்காதே என்று தோல்களை வாங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். மண்டையோடுகளையும் சேர்த்துத்தான். அரிசிக் கிடங்கு எலிகள் இரண்டும் குட்டிகள், நிறம் ஏறாதவை என்று தீர்ப்புச் சொன்னார். அதில் ஒன்று வயிற்றில் ஐந்து குட்டி சுமந்திருந்தது. நான்தான் அறுத்து எண்ணினேன். அதையும் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஆறு மாதம் கழித்துக் கட்டுரையை டைப் அடித்துக் கொண்டுவந்தார். லத்தீனில் மஞ்சள் வயிறு என்று பொருள் வருகிற பேர். வயிற்றின் நிறத்துக்கு முழுசாய் இரண்டு பக்கம். சிவப்பு வரியின் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து அட்டவணை போட்டிருந்தார். அம்மா பார்த்திருந்தால் சிரித்தே செத்திருப்பாள். பற்களுக்கு நாலு வரி. முலைக்காம்பைப் பற்றி ஒரு வரி. என் படங்களில் ஒன்றே ஒன்று, அதுவும் தபால்தலை அளவுக்குச் சுருக்கி. அரிசிக் கிடங்கு எலிகள் இருந்த சுவடே இல்லை.

எழுதியவர்கள் என்ற இடத்தில் அவர் பேருக்குக் கீழே என் பேர் இருந்தது. பேனாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். பத்திரிகைக்கு அனுப்புகிற கடிதத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சாக்கு வேண்டும் என்றால் நிறையக் கிடைக்கும். போடாவிட்டால் ஆராய்ச்சிப் பட்டத்தைக் கெடுத்திருப்பார், உண்மை. கடைசி போட்டுக்கு நேரமாகிவிட்டது, அதுவும் உண்மை. ஆனால் அந்த நிமிஷத்தில் நான் பட்டத்தையும் நினைக்கவில்லை, போட்டையும் நினைக்கவில்லை. டைப் அடித்த என் பேரைப் பார்த்தேன். நன்றாக இருந்தது. எங்கள் வீட்டில் யார் பேரும் ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் ஏறியதில்லை. எலி வேறு இனம் என்பது உண்மைதானே, காரணம் தப்பாக இருந்தால் என்ன, முடிவு சரிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். சீ என்று என்னை நானே துப்பிக்கொள்ள வேண்டிய நாள் அது.

கட்டுரை அச்சாகி வந்தபோது துறையில் சாயாவும் பழம்பொரியும் கொடுத்தார்கள். மலையாளப் பத்திரிகையில் புரொபசர் பஞ்சடைத்த எலியைக் கையில் பிடித்தபடி படம் வந்தது. கிடங்கு முதலாளிக்கும் பெருமை பிடிபடவில்லை. புரொபசர் கேட்டுக்கொண்டபடி எலிகளுக்கு விஷம் வைக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டார், வருகிற வியாபாரிகளிடமெல்லாம் உலகத்தில் என் கிடங்கில் மட்டும்தான் இந்த எலி என்று சொல்லித் திரிந்தார். அம்மா மட்டும் பத்திரிகைப் படத்தைப் பார்த்துவிட்டு, “குளிப்பாட்டாத எலியையா தூக்கிக்கிட்டு நிக்காரு?” என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

எண்பதுகள் பிறந்த பிறகு வடக்கே ஒரு பெரிய மியூசியத்திலிருந்து பாலூட்டிகளில் பேர்போன ஒருவர் மாதிரி ஒன்றைக் கேட்டு எழுதினார். அனுப்பாமல் இருக்க முடியாது. மஞ்சள் வயிறு ஒன்றைப் பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான், தோலைச் சவுக்காரத் தண்ணீரில் கழுவியிருக்கிறார். தண்ணீர் சிவந்தது, வயிறு வெளுத்தது. இந்த எலிக்குப் புதுப் பேர் தேவையில்லை, ஒரு குளியல் போதும் என்கிற பாணியில் கடிதம். பல்லைப் பார்த்தாரா, மண்டையோட்டைக் கேட்டாரா? இல்லை. சாதாரணத் துரப்பன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இவருக்கும் நிறம்தான் முக்கியமாகப் போய்விட்டது. நிறம் பொய் என்றதும் எலியே பொய்.

அன்றைக்கு நான் போட் இறங்கிக் கல்லூரிக்குள் நுழையும்போதே எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். காரணம் ஆய்வுக்கூட உதவியாளர் சொல்லித்தான் தெரிந்தது. தோல் உரித்தவள் அடுக்களையில் வைத்து உரித்திருக்கிறாள், எறும்பு வராமல் இருக்க மஞ்சள்பொடி பூசியிருக்கிறாள், தமிழத்திகள் எதற்கெடுத்தாலும் மஞ்சள் பூசுவார்கள் என்று புரொபசர் துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

எனக்கு வந்ததே கோபம்! வராந்தாவில் எத்தனை பேர் நின்றார்கள் என்று பார்க்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மலையாளம் வாயில் வரவில்லை.

“யாரு பூசினா? நானா? மஞ்சள்தூள்னு உங்க மொகத்துக்கு நேரா சொன்னேனா இல்லியா? இதே மேசையில தட்டுல செவக்க வச்சுக் காட்டினேனா இல்லியா? எங்கம்மா எந்த யூனிவர்சிட்டின்னு கேட்டீங்களே, இப்ப அந்த வடக்கத்தி ஆளு சவுக்காரம் போட்டுக் கழுவினாரே, அவரு எந்தக் குழாயடியில படிச்சாராம்? பல்லைப் பாருங்க, பல்லைப் பாருங்கன்னு காலைப் பிடிக்காத குறையா கெஞ்சினேனே! எங்கே என் மண்டையோடு? குடுங்க, நானே எழுதுறேன்!”

அவர் நாற்காலியைவிட்டு எழக்கூட இல்லை. அந்த அவமானச் சாமான்களை நேற்றே குப்பைக்குழியில் போட்டு எரிக்கச் சொல்லிவிட்டேன் என்றார். ஆறு தோலில் ஒன்று வடக்கே, மீதி ஐந்தும் ஆறு மண்டையோடும் சாம்பல்.  பிறகு அவர், கத்தாமல், ரொம்ப அமைதியாக,

“குட்டீ, நீயும் ஒப்பிட்டதல்லே?” என்று கேட்டார்.

ஒப்பு என்றால் கையெழுத்து.  தள்ளித் திறந்த கதவைச் சாத்தாமல் அப்படியே வெளியே வந்தேன். அந்த ஆளை இன்றுவரை மன்னிக்க முடியாததற்கு அவர் சொன்ன பொய் காரணமில்லை, அந்த ஒரு உண்மைதான் காரணம்.

ஆனாலும் சும்மா இருக்கவில்லை. வீட்டில் என் படங்களின் பிரதிகள் இருந்தன, அளவுகள் எழுதிய நோட்டு இருந்தது. அதே பத்திரிகைக்கு நான் தனியாக ஒரு குறிப்பு எழுதினேன். முதல் பத்தியில், மஞ்சளும் சிவப்பு வரியும் கிடங்குத் தூளாலும் வெங்காரத்தாலும் வந்தவை, அது தெரிந்தே நான் கையெழுத்திட்டேன், தவறு என்னுடையதும்தான் என்று எழுதினேன். அதை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. அடுத்த நான்கு பத்திகளில் எலி வேறு இனம்தான் என்பதற்குப் பல், அண்ணம், முலைக்காம்பு, வளை என்று ஒவ்வொன்றாக எழுதி, படங்கள் வைத்து அனுப்பினேன்.

எட்டு மாதம் கழித்து அச்சில் வந்தது. முதல் பத்தி மட்டும். இடமின்மையால் மற்றவை சேர்க்கப்படவில்லை என்று ஆசிரியர் குழு ஒரு அட்டை அனுப்பியிருந்தது. படங்களைத் திருப்பி அனுப்பவும் இல்லை. ஆக, அந்த எலி புது இனம் அல்ல என்பதற்கு இன்றைக்கும் எல்லாரும் எடுத்துக்காட்டுகிற சாட்சி யார் தெரியுமா? நான்தான். அந்தப் பக்கத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

“அந்த ஆளு பொய்ய அச்சுல போட்டாரு. நீ மெய்ய அச்சுல போட்டே. எலி எங்கடீ?” என்று கேட்டாள்.

எனக்கு அம்மாமேலும் கோபம் வந்தது. தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

செய்தி கிடங்கு முதலாளிக்கும் எட்டியது. இத்தனை நாள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனிதருக்கு மானம் போய்விட்டது. சாதாரண எலிக்கா நான் இவ்வளவு நாள் சோறு போட்டேன் என்று குதித்தார். சோறு எங்கே போட்டார், அது கோரைக்கிழங்கு தின்று கிடந்தது. வளைகளில் விஷ மாத்திரை போட்டு மூடி, மறுநாள் தரையைப் பெயர்த்து, முழுக்க சிமென்ட் பூசுவது என்று முடிவு செய்தார். அரிசிக் கிடங்கில் முன்னாலேயே சிமென்ட் போட்டாகிவிட்டது. நான் இத்தனை வருஷம் தேடியும் வேறெங்கும் அந்த எலியைப் பார்த்ததில்லை. மாத்திரை போடுகிற அன்று என்னிடம் வந்து சொன்னது அம்மா. நான் போகவில்லை. போய் என்ன ஆகப்போகிறது, யார் கேட்கப்போகிறார்கள் என்று வீட்டில் உட்கார்ந்து பழைய நோட்டுகளைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் ஜெட்டிக்கு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் யாரோ மோளே, மோளே என்று கூப்பிட்டார்கள். இக்கா. தலையில் சும்மாடு, இடுப்பில் ஒரு மூங்கில் கூடை. மூச்சிரைக்க வந்து கூடையை என் முன்னால் இறக்கினார். மேலே சாக்கு மூடியிருந்தது. விலக்கினார். உள்ளே எலிகள், பெரிதும் சிறிதுமாக இருபதுக்குக் குறையாது. ராத்திரிதான் செத்தவை, இன்னும் நாறவில்லை. எல்லாவற்றுக்கும் வயிறு மஞ்சள், எல்லாவற்றுக்கும் பல் நேராக முன்னால்.

“தரை பெயர்த்தப்போ கிட்டியதாணு. எல்லாரும் களையான் பறஞ்ஞு. ஞான் சம்மதிச்சில்லா. மோளுக்கு வேணுமல்லோ?” என்றார். களைவது என்றால் தூக்கி எறிவது. அவர் எறிய விடாமல் எனக்காக எடுத்து வந்திருக்கிறார். கட்டைவிரலில் அந்தப் பழைய இரண்டு வெட்டின் தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

ஆறு எலியை வைத்துக்கொண்டு நான் அவ்வளவு எழுதினேன். அங்கே இருபது இருந்தது. ஆண், பெண், குட்டி, கிழடு எல்லாம் இருந்தது. எரிந்துபோன ஒவ்வொரு மண்டையோட்டுக்கும் பதிலாக மூன்று. கழுவினால் வயிறு வெளுக்கும், பல் வெளுக்காது, எந்த ஊர் ஆளும் மறுக்க முடியாது. இதெல்லாம் எனக்கு அந்த இடத்தில் நின்றபோதே தெரிந்தது. பிறகு தெரிந்தது என்று சொன்னால் பொய்.

ஆனால் போட் மணி அடித்துக்கொண்டிருந்தது. ஜெட்டியில் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் என்னையும் கூடையையும் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மஞ்சள் எலிக்காரி என்று எனக்குப் பேர் வைத்திருந்தவர்கள்தான். எனக்கு அத்தனை பேர் மேலும் கோபம், புரொபசர்மேல், மியூசியக்காரர்மேல், பத்திரிகைமேல், முதலாளிமேல், எலிமேல்கூட. அந்தக் கோபமெல்லாம் சேர்ந்து ஒன்றும் தெரியாத அந்த மனிதர்மேல் போய் விழுந்தது.

“வேண்டாம் இக்கா. இது சாதா துரப்பன்தான். புஸ்தகத்திலேயே போட்டாச்சு. எடுத்துட்டுப் போங்க.”

அவர் என் முகத்தையே பார்த்தார்.

“நீயல்லே பறஞ்ஞது, இது வேறெ ஜாதியாணுன்னு?”

“அது தப்பு,” என்றேன்.

அவர் சாக்கை மறுபடி மூடினார். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு கல்படிக்கட்டில் இறங்கி, காயலில் கவிழ்த்தார். அது ஓதம் இறங்குகிற நேரத்துத் தண்ணீர், எல்லாவற்றையும் கடல் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. போட்டின் பின்பக்கம் நின்று பார்த்தபடியே நான் அக்கரை போனேன். இந்தக் கதையில் மற்ற எல்லாவற்றுக்கும் திட்டுவதற்கு எனக்கு ஆள் இருக்கிறது. இதற்கு மட்டும் இல்லை.